ட்ரயல் மாஸ்டர்

ட்ரயல் மாஸ்டருக்குத் திருப்தி தந்த கால்சட்டை சிங்கப்பூரில் ஒன்றுகூட இல்லை.

ஜாலான் புசார் பக்கத்துச் சந்தில் அவருடைய தையல்கடை. அவசரம் என்று போனவன் தொலைந்தான். "ட்ரயல் பாக்காம துணி வெளிய போகாது லா" என்பார். போட்டு நிற்கச் சொல்வார், உட்காரச் சொல்வார், பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கச் சொல்வார். என் கல்யாணக் கோட்டுக்கு, மாலை வாங்குகிற மாதிரி குனிய வைத்தார். "பொண்ணு குள்ளமா தம்பி? இன்னும் கொஞ்சம் குனிங்க." கோட்டு கைக்கு வந்தபோது ரிசப்ஷன் சாப்பாடே முடிந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் கடை அடிக்கடி பூட்டிக் கிடந்தது. கேட்டால், "ஆஸ்பத்திரில ட்ரயல்" என்பார். பெரிய டாக்டருக்குக் கோட்டு தைக்கிறார் என்று சந்தே பெருமைப்பட்டது. "டாக்டர் ஒரு வழியா போட்டுப் பாத்தாரா மாஸ்டர்?" என்று நானும் சீண்டினேன்.

அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"போட்டுப் பாக்கறது என் மேலதான் தம்பி. எனக்கு எய்ட்ஸ் கிருமி. புது மருந்து கேக்குதான்னு பாக்கறாங்க. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்குச் சும்மா மாத்திரை. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது."

அந்தப் பெயரைக் கேட்டாலே ஆட்கள் எதிர்ப்பக்கம் நடந்த காலம்.

"உங்களுக்குக் குடுத்தது சும்மா மாத்திரையா இருந்தா?"

"இருக்கட்டுமே. ரெண்டு தரப்பையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்? என் மேல அளவெடுத்து எவனுக்கோ தைக்கட்டும். அவனுக்காவது சரியா உக்காரும்ல."

சிரித்தார். ஆனால் டேப்பைத் தொடாமல் தள்ளியே நின்றார். எனக்குக் கோபம் வந்தது. நேரே போய், பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். "அளவெடுங்க மாஸ்டர். சட்டை வேணும்."

"தொடவா தம்பி?"

"தொடாம எப்படி அளவெடுப்பீங்க?"

டேப் என்னைச் சுற்றி வந்தபோது, "தொப்பை போட்டிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சட்டைக்கு இரண்டாவது ட்ரயல் நடக்கவில்லை. மாஸ்டர் போய்விட்டார். அவருக்குக் கிடைத்தது மருந்தா, சும்மா மாத்திரையா என்று எனக்குத் தெரியாது.

இன்று அந்தக் கிருமி உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் கட்டுகிறார்கள், பேரன் பேத்தி பார்க்கிறார்கள். அளவு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, மாஸ்டர். வந்து சேரத்தான் கொஞ்சம் லேட்டாகிவிட்டது, உங்கள் கடைத் துணி மாதிரியே.