தையல் டீச்சரின் வீச்சு

மூன்றாவது முறையும் மட்டை காற்றைத்தான் அடித்தது. அடித்த வேகத்தில் தையல் டீச்சர் தாயாரம்மாள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தபடி வந்து நின்றாள்.

"அவுட்டா?"

"அவுட்தான் அக்கா," என்றாள் தேவகி.

"பரவால்ல. காத்து நல்லா வந்துச்சு."

தேவகிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் அந்தப் பெண்கள் பள்ளியில் அவள்தான் விளையாட்டு டீச்சர். பேஸ்பாலுக்குத் தங்கை முறையாகும் சாஃப்ட்பாலை மெட்ராஸில் படித்துவிட்டு வந்து, கெஞ்சிக் கூத்தாடி எட்டு டீச்சர்களைச் சேர்த்திருந்தாள். தன்னோடு ஒன்பது. சனிக்கிழமை தென்னேரி டீச்சர்களோடு போட்டி.

ஆட்டத்தின் சட்டம் எளிமையானது. நேராக வரும் பந்தை அடிக்க வேண்டும், கோணலாக வருவதை விட்டுவிட வேண்டும். மூன்று தடவை வீசித் தவறினால் அவுட். நான்கு பந்து கோணலாக வந்தால் அடிக்காமலே முதல் கோணிக்கு நடந்து போகலாம். பேஸ் வாங்கப் பள்ளியில் வழியில்லாததால் மைதானத்தின் மூன்று மூலைகளில் கோணிப்பையை மடித்துப் போட்டிருந்தார்கள். மூன்று கோணியையும் மிதித்து, மட்டை பிடித்த இடமான 'வீட்டுக்கு'த் திரும்பி வந்தால் ஒரு ரன். அந்த முதல் கோணிக்குத் தாயாரம்மாள் ஒருநாளும் நடந்து போனதில்லை. தலைக்கு மேலே போகிற பந்தை எம்பி அடிப்பாள். காலடியில் உருளுகிற பந்தை வாசல் பெருக்குவதுபோல் குனிந்து அடிப்பாள். எதுவும் படாது.

"அக்கா, கிழிஞ்ச துணியைக் குடுத்தா நீங்க கத்திரி வைப்பீங்களா? ஒதுக்கிடுவீங்க இல்ல? கோணல் பந்தும் அப்படித்தான்."

தாயாரம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நல்ல துணில இன்னாம்மா கீது? கிழிசல்லதான எனுக்கு வேலையே கீது."

அன்று மாலை அவள் முன்னிலும் கோணலான பந்துகளைத் தேடித் தேடி அடித்தாள்.

மறுநாள் தேவகி வேறு யோசனை செய்தாள். "நல்ல பந்து வந்தா நான் விசில் ஊதறேன். விசில் கேட்டா மட்டும் அடிங்க."

நல்ல பந்து வந்தது. தேவகி ஊதினாள். சத்தம் தாயாரம்மாளின் காதுக்குள் போய் கைக்கு வருவதற்குள் பந்து போய்விட்டது. அடுத்து வந்த படுமோசமான பந்தை, முந்தின விசிலுக்காக, அவள் வீசி அடித்தாள். தேவகி பதறிப்போய் ஊது ஊதென்று ஊதினாள். டிரில் பீரியட் என்று நினைத்த எட்டாம் வகுப்பு மொத்தமும் கணக்குப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடிவந்து வரிசையில் நின்றது.

பின்னாலேயே தலைமையாசிரியை ஆண்டாளம்மாள் வந்தார்.

"இன்னாம்மா இது, பள்ளிக்கூடமா சந்தையா? இந்த கிரவுண்டுல தையல் ரூம் கட்டலாமான்னு யோசிச்சிக்கினு இருந்தேன். இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல. சனிக்கிழமை ஜெயிச்சா கிரவுண்டு உனுக்கு. தோத்தா திங்கக்கிழமை கடக்கால் தோண்ட ஆள் வருவாங்க."

மைதானம் போனால் பெண்பிள்ளைகள் ஓடுவதற்கு அந்த ஊரில் வேறு இடம் கிடையாது. ஏரிக்கரை பையன்களுடையது, கடைத்தெரு ஆண்களுடையது. தேவகிக்கு அன்று சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு சந்தேகம் வேறு முளைத்தது. தோற்றால் தையல் அறை கிடைக்கப்போவது யாருக்கு? தாயாரம்மாளுக்கல்லவா?

நினைத்ததை மனதில் வைத்துப் புழுங்குவதுதான் தேவகியின் வழக்கம். இந்த முறை எப்படியோ கேட்டே விட்டாள்.

தாயாரம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே சொன்னாள். "ரூம்பு வந்தா நல்லாத்தான் இருக்கும். மெசினு மழையில நனையாது. ஆனா மட்டைய கையில குடுத்துட்டு அடிக்காதன்னா எப்படிம்மா? ஒரு பந்து அம்மாம் தூரம் என்னத் தேடிக்கினு வருது. மூஞ்சத் திருப்பிக்கினு நிக்கச் சொல்றியா?"

தேவகி வெட்கப்பட்டுப் போனாள். கல்லூரியில் அவள் பெயர்பெற்ற ஆட்டக்காரி. ஆனால் அடித்துப் பெயர் வாங்கியவள் அல்ல. அசையாமல் நின்று, எதிராளியின் நான்கு கோணல் பந்துகளைப் பொறுமையாக வழியனுப்பிவிட்டு நடந்து போகிறவள். வீட்டிலும் அப்படித்தான். ஏனாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது, இன்னும் நல்லது வரும் என்று விட்டாள். வேறொன்று வந்தது, அதையும் விட்டாள். வாழ்க்கை கோணிக்கு நடந்து போவது போலத் தடங்கலில்லாமல் போய்க்கொண்டுதான் இருந்தது. தாயாரம்மாளோ ஒவ்வொரு தடவையும் தோள், இடுப்பு, கொண்டை எல்லாவற்றையும் சேர்த்து வீசித் தோற்கிறாள். தோற்றுவிட்டுக் காத்து நல்லா வந்துச்சு என்கிறாள். அப்படி ஒரு தடவையாவது வீசிப் பார்த்திருக்கிறேனா என்று தேவகி தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஆனால் மைதானம் வேண்டுமே. மட்டை பிடிக்கும் வரிசையில் தாயாரம்மாளைக் கடைசிக்குத் தள்ளினாள். கடைசி ஆள் என்றால் முறை குறைவாக வரும், ஆபத்தும் குறைவு.

சனிக்கிழமை ஆட்டம் இழுபறியாகப் போனது. தாயாரம்மாள் தன் முறை வந்தபோதெல்லாம் மூன்று வீச்சில் அவுட்டாகிவிட்டுச் சிரித்த முகமாகத் திரும்பினாள். மற்றவர்கள் எப்படியோ ஓடிச் சேர்த்தார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் சமம். உத்திரமேரூர்க்காரிகள் மூன்று கோணியிலும் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தி அவுட்டானால் சுற்று முடிந்தது. ஒரே ஒருத்தி வீடு வந்து சேர்ந்தால் வெற்றி.

அடுத்தது யார் என்று தேவகி திரும்பினாள். வரிசையின் கடைசி ஆள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். சும்மா நில்லுங்க. நாலு கோணல் பந்து வந்தா நீங்க நடந்து போவீங்க. உங்களுக்கு இடம் விட்டு ஒவ்வொருத்தியா நகருவா, மூணாம் கோணிக்காரி வீட்டுக்கு வந்துடுவா. ஜெயிச்சிடுவோம்."

"சரிம்மா. நிக்கிறேன்."

பந்து வீசும் எல்லம்மாள் தென்னேரிப் பள்ளியின் அறிவியல் டீச்சர், ஆறடி உயரம். முதல் பந்து இரண்டு முழம் தள்ளிப் போனது. தாயாரம்மாள் தாவிப்போய் வீசினாள்.

"ஒண்ணு!" என்றார் நடுவர் தானியேல்.

இரண்டாவது அதைவிடத் தள்ளி.

"ரெண்டு!"

தேவகி ஓடினாள். "நிக்கிறேன்னு சொன்னீங்களே!"

"நின்னுக்கினுதாம்மா அடிச்சேன்."

"மட்டையை என்கிட்ட குடுத்துட்டு வெறுங்கையோட நில்லுங்களேன்!"

"எலையப் போட்டு உக்காத்தி வச்சிட்டு சோறு கெடையாதுன்னுவியா? போம்மா, எட்டப் போ. மேல கீல பட்டுடப் போவுது."

மூன்றாவது பந்து எங்கேயோ போனது. தாயாரம்மாளும் அங்கேயே போனாள். மட்டை வானத்தைக் கிழித்துக்கொண்டு சுழன்றது. பந்து படவில்லை.

"மூணு!"

தேவகி முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்குள் கடக்கால் தோண்டும் மண்வெட்டிகள் வரிசையாக வந்தன. விசித்திரமாக, கோபம் மட்டும் வரவில்லை. அந்தக் கடைசி வீச்சு அவ்வளவு அழகாக இருந்தது.

"ஏம்மா, உக்காந்துட்டா எப்படி?" தானியேலின் குரல். "மூணாவது பந்தை அவங்காளு புடிக்கவே இல்லியே! புடிக்காம வுட்டா அவுட் கெடையாது, ஓடலாம். ஓடச் சொல்லும்மா!"

தேவகி விரலை விலக்கிப் பார்த்தாள். பந்து அத்தனை தூரம் விலகிப் போயிருந்ததால் பின்னால் நின்ற தென்னேரிக்காரி அதைத் துரத்திக்கொண்டு வேலிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஓடுங்க!" படித்த சட்டமெல்லாம் மறந்துபோய் தேவகி அலறினாள்.

தாயாரம்மாள் ஓடினாள். மட்டையைக் கையில் பிடித்தபடியே, கொண்டை அவிழ, முதல் கோணியைத் தாண்டியும் ஓடினாள். மூன்றாம் கோணிக்காரி வீட்டை மிதித்தாள். வேலிக்குள்ளிருந்து பந்து வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆண்டாளம்மாளே கைதட்டினார். மைதானம் பிழைத்தது.

மோர்ப் பானையருகே எல்லம்மாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த தாராளத்தில் தேவகி அவளுக்கு ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள்.

"வருத்தப்படாதீங்க டீச்சர். எங்க ஆளுங்க எட்டு பேருக்கும் எவ்ளோ நேரா போட்டீங்க! எங்க தையல் டீச்சருக்குப் போடறப்ப மட்டும் உங்க கை தவறிடுச்சு."

"கை எங்க தவறிச்சு?" எல்லம்மாள் மோரைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வேணும்னுதான் காலையிலேருந்து எட்டப் போட்டுக்கினு இருக்கேன். மத்தவங்க எல்லாம் சும்மா நின்னு தட்டறாங்க. அந்தம்மா சுத்தற சுத்துல நேரா ஒரு பந்து மாட்டிக்கினா, என் மூஞ்சி வூடு போய்ச் சேருமா?"