அம்பாள் சாப்பிட்ட சொதி

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதனாலோ என்னவோ, அச்சில் வந்தது எதுவும் தப்பாக இருக்காது என்று ஐம்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகன் குமரன் தன்னோடு வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வார்களாம். அவர்கள் ஊர்ச் சமையலையே செய்து அசத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். (செய்வது என் மனைவி மங்கை. முடிவு மட்டும் என்னுடையது.)

"யூடியூப்ல பாருப்பா, ஆயிரம் கெடக்குது" என்றான் குமரன்.

"கண்டவங்க பேசறத கேட்டுக்கினு சமைக்க முடியுமா? புக்குல இருக்கணும்பா."

பெரிய காஞ்சிபுரத்தில் நான் ஏறி இறங்காத புத்தகக் கடை இல்லை. ஒரு கடையில் சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல் கிடைத்தது. இன்னொன்றில் பள்ளிக் குழந்தைகளுக்கான டிபன் வகைகள். கடைசியில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் ஏணியில் ஏறி, தும்மிக்கொண்டே, திருநெல்வேலிச் சமையல் புத்தகம் ஒன்றை இறக்கினார். "ஒண்ணே ஒண்ணு இருக்குதுபா" என்றார். எனக்கு அம்பாளே எடுத்துக் கொடுத்தது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் குழைத்து அட்டையின் நான்கு மூலைகளிலும் வைத்தேன். மனசு நிறையவில்லை. நாங்கள் சமைக்கப்போவது சொதி, தேங்காய்ப் பாலில் செய்யும் குழம்பு. நல்லபடி முடியட்டும் என்று, அது முடிகிற பக்கத்துக்கும் தாராளமாக வைத்து, மூடி, அம்பாள் படத்தின் அடியில் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் படிக்க, மங்கை சமைத்தாள். தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பக்கத்தைத் திருப்பினேன்.

"புளிக் கரைசல் ஊத்தி, வெல்லம் போட்டு, சுருளச் சுருளக் கிளறணும்."

"இன்னாங்க, தேங்காப் பால்ல புளியா? திரிஞ்சி பூடும்."

"அது அவங்க ஊர் வழக்கம். ஊத்துமா."

"வெல்லமுமா?"

"அம்பாள் காலடியில இருந்த புக்கு உன்கிட்ட வந்து பொய் சொல்லுமா?"

பட்டுத் தறியில் முப்பது வருஷமாக, டிசைனைத் துளைபோட்ட ஜக்கார்டு அட்டை சொன்னபடி மறுபேச்சில்லாமல் நெய்தவன் நான். மங்கை ஊற்றினாள்.

ருசி பார்த்திருக்கலாமே என்பீர்கள். படைப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் நாக்கில் வைக்க மாட்டோம். அம்பாளுக்குப் படைத்த பிறகு வந்தவர்களுக்குப் பரிமாறினோம்.

பெண்ணின் அப்பா ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் மென்றார். (ஆமாம், சொதியை.)

"நல்லாருக்கு அண்ணாச்சி. இது உங்க ஊரு விசேஷமோ?"

"உங்க ஊர் சொதிங்க!"

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. குமரன் என்னைப் பார்த்த பார்வையில் பாதிக் கல்யாணம் கலைந்து போயிருந்தது. எப்படிச் செய்தீர்கள் என்று பெண்ணின் அம்மா கேட்க, மங்கை புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"என்ன மதினி, நாப்பத்தொண்ணாம் பக்கத்துக்குப் பொறவு நாப்பத்திநாலு வருது?"

மங்கை நகத்தால் மெல்லப் பிரித்தாள். என் மஞ்சளில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்கள் விலகின. மீதிச் சொதி அங்கே இருந்தது. நான் ஊற்றச் சொன்னது, அதற்கு அடுத்து வந்த இஞ்சிப் பச்சடியின் பின்பாதி!

மங்கை கண் கலங்கி இலையை எடுக்கக் குனிந்தாள். அந்த அம்மா தடுத்தார்.

"இருங்க மதினி. சாமிக்குப் படைச்சதுல்லா? அம்பாளே ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டா. நமக்கு என்ன?"

சோற்றைப் பிசைந்து ஒரு பருக்கை விடாமல் உண்டார். அவர் கணவரும் உண்டார் (கண்ணை மூடிக்கொண்டு). பக்தியைப் பற்றி எத்தனையோ உபன்யாசம் கேட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்த அம்மா கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ருசி பாக்காம சாமிய நம்புத வீடு. பொண்ணு குடுக்க இதுக்கு மேல என்ன பாக்கணும்? அடுப்படிப் பக்கம் மட்டும் அண்ணாச்சிய விட்றாதீங்க."

கல்யாணச் சீர்த் தட்டில், பழங்களுக்கு நடுவே, ஒரு தடித்த நோட்டு வந்தது. தன் ஊர்ச் சமையலை எல்லாம் சம்பந்தியம்மா தன் கைப்பட எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கமும் லேமினேஷன். முதல் பக்கத்தில், 'அண்ணாச்சி, இதுக்கு எவ்வளவு மஞ்சள் வேணும்னாலும் வைங்க' என்று இருந்தது. மண்டபத்தில் யாரோ அதை மைக்கில் வேறு படித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து உறவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், எனக்கு மட்டும் பத்திரிகையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் கொடுக்கிறார்கள்.