அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம்

பேரன்புள்ள சௌமியா அக்காவுக்கு,

பாகலூரிலிருந்து தங்கை மணிமேகலை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் சுகம். அத்திப்பள்ளியில் நீயும் மாதவன் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா உன் எண்ணை வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் தடுத்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன்.

புது வீட்டுக் கிரகப்பிரவேச அழைப்பிதழை இணையப் பக்கமாக நான்தான் செய்தேன். அப்பா, அம்மா, நீ, நான் என்று வரிசையாக நான்கு படங்கள். அப்பா பார்த்ததும், "சொல்லாம போய் கல்யாணம் பண்ணிக்கிட்டவளுக்கு இதுல என்ன இடம்? எடுத்துடு" என்றார். அழிக்க எனக்குக் கை வரவில்லை. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் டிரான்ஸ்ஃபார்ம் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அழிக்காமலே படத்தை நகர்த்தலாம், அதனால் உன்னை இரண்டாயிரம் பிக்சல் வலப்பக்கம் திரைக்கு வெளியே தள்ளி வைத்தேன், மூர்த்தி சித்தப்பா சும்மா இருக்காமல் விரலால் இழுத்துக்கொண்டே போய், "அண்ணா, சௌமியா இங்க தனியா நிக்குது பாரு!" என்று கூவிவிட்டார். உடனே இடப்பக்கம் தள்ளினேன். அந்தப் பக்கம் திரை நகராது, எவ்வளவு இழுத்தாலும் அகப்பட மாட்டாய். ஆனால் நீ இருந்த இடம் அப்படியே நின்றது. டிரான்ஸ்ஃபார்மின் குணம் அது. ஆளை நகர்த்தும், இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்காது. அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம். அழைப்பு போன வீடுகளிலிருந்தெல்லாம், "நடுவுல ஒரு படம் வரலையே, நெட்டு ஸ்லோவா?" என்று கேட்கிறார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் "ஆமா, நெட்டு ஸ்லோ" என்கிறார்.

"அந்த ஓட்டைய அடைச்சுடு பாப்பா" என்றார் ஒருநாள். அம்மாவின் படத்தைப் பெரிதாக்கினேன். அது அப்பாவின் பாதி முகத்தையும் மூடியது. "இருக்கட்டும் விடுடி, இந்த வீட்ல ஒரு தடவையாவது நான் பெருசா தெரியறேன்" என்றாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை. பழையபடி சிறிதாக்கினேன்.

பக்கத்தின் கோடில் உன் படத்துக்கான ஒரு வரியை அழித்தால் போதும், இடம் மூடிக்கொள்ளும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துட்டு இது தெரியாதா?"

"சிலபஸ்ல இல்லப்பா."

அக்கா, அப்பாவிடம் நான் சொன்ன முதல் பொய் இது. பக்கத்தின் முகவரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், திறந்து பார். வீட்டில் உனக்கு இன்னும் இடம் இருக்கிறது. பார்த்துப் பார்த்து அப்பாவே ஒருநாள் உன்னை அங்கே வைக்கச் சொல்வார்.

மாமாவுக்கு என் வணக்கம். இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

அன்புத் தங்கை,
மணிமேகலை

பி.கு.: முகவரித் தாளைக் கிழித்துப் போட்டுவிடு அக்கா. கடிதத்தை ஒட்டுவதற்குள் அப்பாவின் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் சுரேந்தர் சார் வந்தார். "இவ்ளோதாங்கண்ணா" என்று உன் வரியை அழித்தார். நான் நகர்ந்து போய் அம்மாவோடு ஒட்டிக்கொண்டேன். இப்போதுதான் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.