சங்கிலிபூதத்தான் டாட் காம்

"காரையாறு கோயில்ல அய்யனார்கிட்ட இரும்புச் சங்கிலியோட நிப்பாரே, அந்தச் சாமி பேரு. அதுக்குப் பெறவு டாட் காம்" என்று அன்னத்தாய் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மஸ்கட்டில் கடை வைத்திருக்கிற மனுஷனுக்குக் காரையாறு கோயில் எங்கே தெரியப் போகிறது? போனை வைத்துவிட்டார்.

மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்த சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இத்தோடு நாலாவது ஆள்.

"ஏட்டி, சங்கிலிபூதத்தான் டாட் காம்னு சொன்னா நாக்கு அழுகியா போயிரும்?"

"கெட்டுன புருசன் பேரை வாயால சொல்லச் சொல்லுதியளே! எங்க வீட்டுல அப்படியா வளத்தாவ?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சொன்னதே இல்லைதான். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட ரேஷன் கார்டை நீட்டிவிட்டுத் தரையைப் பார்ப்பாள். அதை நினைத்து அண்ணாச்சிக்கு ஒரு காலத்தில் ரொம்பப் பெருமை. இப்போது அந்தப் பெருமைதான் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது.

பாளையங்கோட்டையில் அவர் வத்தலுக்கும் வடகத்துக்கும் நல்ல கிராக்கி. மாவு கிண்டுவது, பிழிவது, மொட்டை மாடியில் நின்று காக்கா விரட்டுவது எல்லாம் அன்னத்தாய். பாக்கெட்டில் பேர் மட்டும் அவருடையது. பிரவுசிங் சென்டர் காஜா முகைதீனின் மச்சான் ரசீத் மஸ்கட்டில் இருக்கிறார். அவர்தான் ஆசை காட்டியவர். வெப்சைட்டில் படத்தைப் போட்டால் அங்குள்ள கடைக்காரர்கள் போனில் அதன் பேரைக் கேட்டு, பார்த்து, நோன்புக்கு முன்னால் ஆர்டர் கொடுப்பார்கள். தவறினால் வேறு ஊர் வடகம் போய் உட்கார்ந்துவிடும்.

இந்தப் பேச்சு வந்த ஆடி மாசமே அன்னத்தாய் கேட்டாள். "செய்யுதவ பேரை வச்சா என்னங்க?"

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. "பொம்பளை பேர்ல உலக யாவாரமா? போட்டி உள்ள!"

அவள் மாவைக் கிண்டப் போய்விட்டாள். ஆவணி பிறந்ததும், நல்ல நாள் பார்த்து, அண்ணாச்சி தன் பேரைப் பதியப் போனார். காஜா ஒரு பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "தகப்பனார் அல்லது கணவர் பேரு?" என்றான்.

"எனக்கு எதுக்குவே புருசன் பேரு?"

"ரேஷன் கார்டு பாரத்தைப் பாத்து அடிச்சது அண்ணாச்சி. உங்களுக்குத் தகப்பனார் போதும்."

"சொரிமுத்து."

அப்படி வாங்கிய பேர்தான் இப்போது போனில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. அண்ணாச்சி லேசுப்பட்ட ஆளா? ஒரு அட்டையில் இங்கிலீஷ் எழுத்துகளைத் தனித்தனியாக எழுதிப் போனுக்கு மேலே தொங்கவிட்டார்.

"ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு. பேரே சொல்ல வேண்டாம்."

"எழுத்தைக் கூட்டுனா பேருதானங்க வருது?" என்றாள் அவள்.

சரி, சாமி பேராவது வைப்போம் என்று குலதெய்வம் சொரிமுத்து அய்யனார் பேரில் ரெண்டாவது ஒன்று வாங்கினார். அன்னத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாமா பேரையா? அவிய போட்டோவுல இருந்து பாத்துக்கிட்டுல்லா இருக்காவ!"

மூன்றாவதாக 'நெல்லை வடகம்' வாங்கினார். ஊர் பேருக்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? அன்னத்தாய் சொன்னாள். அண்ணாச்சியின் அண்ணன் நெல்லையப்பன். மூத்தாரின் பேரில் பாதி வந்துவிடுகிறதாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் திருநெல்வேலியை 'டவுனு' என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"வேற நல்ல பேரா யோசிங்க அண்ணாச்சி" என்று காஜா மட்டும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியில் அண்ணாச்சி கடைகளுக்குச் சரக்குப் போடும் லைனுக்குப் போவதை விட்டுவிட்டு, போன் பக்கத்தில் தானே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். உள்ளூர்க் கடைகளுக்குச் சரக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மஸ்கட்டிலிருந்து மணி அடித்தது.

"சங்கிலிபூதத்தான் டாட் காம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

"இருங்க, திறந்து பாக்குறேன்... சரி, கூழ் வத்தலுக்கு என்ன அரிசி போடுறீங்க?"

"அரிசி... நல்ல அரிசி."

"எத்தனை மாசம் தாங்கும்? உப்பு குறைச்சு செய்ய முடியுமா?"

அண்ணாச்சிக்கு வியர்த்தது. "ஏட்டி!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அன்னத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். இட்லி அரிசி, எட்டு மாசம், உப்பு குறைத்தால் ரெண்டு வெயில் கூடுதலாக வேண்டும் என்று தண்ணீர் ஓடுகிற மாதிரி சொன்னாள். பிறகு போனை அவரிடம் நீட்டினாள்.

"அம்பது கிலோ அனுப்புங்க" என்றது மஸ்கட். "இனிமே அந்த அம்மாகிட்டயே பேசிக்கிறோம். அவங்க பேரு என்ன?"

"அன்னத்தாய்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்தது வடகம் மட்டும் இல்லை, அவளும்தான். நான் ஒரு மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டு மொபெட்டை மிதித்தார்.

"காஜா, அன்னத்தாய் டாட் காம் போடுவே. சீக்கிரம்!"

காஜா தட்டிப் பார்த்தான். கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் திரையில் வரி வந்தது.

"இந்தப் பேரு போயிட்டு அண்ணாச்சி."

அண்ணாச்சி ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. "எந்தப் பாவிவே எடுத்தான்? அவ கேட்ட அன்னைக்கே குடுத்திருக்கணும். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?"

காஜா மேசை டிராயரைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு பாரத்தை எடுத்து நீட்டினான்.

"மதினிதான் ஆடி மாசமே வந்து எடுத்தாவ, நீங்களா வந்து கேக்குத அன்னைக்குக் காட்டுன்னு. பாரத்துல கணவர் பேரு கேட்டேன், சங்கிலிபூதத்தான்னு கணீர்னு மூணு தடவை சொன்னாவ."