மர்ஜானின் முதுகுக்கு ஒரு சீட்டு

இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மர்ஜானுக்கு முதுகுப் பரிசோதனை. அல்லால் முடிவு பண்ணிவிட்டார். அவர் முடிவு பண்ணினால் பண்ணினதுதான், மனைவி யாம்னா வேறு மாதிரி முடிவு பண்ணுகிற வரைக்கும்.

மர்ஜான் அவருடைய குதிரை. அவர் சாதாரண ஆளா? முகத்தம் ஐயா, முகத்தம், குதிரை வரிசைக்கே தலைவர். திருவிழா மைதானத்தில் பதினைந்து குதிரைகள் ஒரே வரிசையில் பாய்ந்து வந்து, அவர் குரல் கொடுத்த நொடியில் பதினைந்து துப்பாக்கிகளும் ஒரே வெடியாக வெடிக்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் போச்சு, பக்கத்து ஊர்க்காரன் வருஷம் பூராவும் சிரிப்பான். திருவிழாவுக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. இந்த நேரம் பார்த்து மர்ஜான் சேணம் வைத்தாலே முதுகை நெளிக்கிறது. மனுஷனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

"மெக்னெஸ் டவுன்லேர்ந்து டாக்டரம்மா வர்றாங்க. குதிரைக்கு முதுகு பாக்குறதுக்குன்னே படிச்சவங்களாம்."

"அப்படியே என் முதுகையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்களேன். ஒரு வருஷமா குனிஞ்சா நிமிர முடியல" என்றாள் யாம்னா.

"உனக்கென்ன, கொஞ்சம் எண்ணெய் தேச்சா போயிடும். நீ என்ன வரிசையிலயா பாயப்போற?"

யாம்னா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் உஷாராகிவிட வேண்டும் என்பது இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, பாவம்.

டாக்டர் இல்ஹாம் வந்தார். கழுத்திலிருந்து வால் வரைக்கும் விரலால் அழுத்திக்கொண்டே போனார். இடது பக்கம் ஓரிடத்தில் மர்ஜான் சுருக்கென்று நெளிந்தது. சேணத்துக்கு அடியில் போடும் ஏழு கம்பளித் துணிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அல்லால் விட்டால்தானே டாக்டர் வாய் திறக்க? மர்ஜானின் அம்மா யார், அம்மாவின் அம்மா யார் என்று ஆரம்பித்தவர் ஏழாம் தலைமுறையில்தான் மூச்சு விட்டார். டாக்டர் பார்த்தார், ஒரு சீட்டில் கடகடவென்று பிரெஞ்சில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

அல்லாலுக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. யாம்னா கல்யாணத்துக்கு முன்னால் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள், பிரெஞ்சுச் சீட்டெல்லாம் படித்துப் பழக்கம்.

அவள் சீட்டை இரண்டு தடவை படித்தாள். "உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கு."

"என்னைப் பத்தியா?"

"ஏறி உக்கார்றவர் இடது பக்கமா சாயுறாராம். வலது கையும் இடுப்பும் பலவீனமாம்."

"பலவீனமா? எனக்கா?"

"நான் சொல்லலங்க. பிரெஞ்சு சொல்லுது."

"சரி, என்ன பண்ணணுமாம்?"

"தினமும் காலையில, கனமா மெத்துனு இருக்கிற ஒரு பொருளை ரெண்டு உள்ளங்கையாலயும் அரைமணி நேரம் அழுத்தித் தள்ளணும். நம்ம வீட்டுல அப்படி என்ன இருக்கு?"

அல்லால் தாடியைச் சொறிந்தார். "மாவு?"

"அட, எனக்குத் தோணவே இல்லை பாருங்க. அப்புறம், முட்டி போட்டு முன்னும் பின்னுமா எதையாவது தேய்க்கணுமாம்."

"கம்பளம் துவைக்கலாமே" என்றார் அல்லால். கண்டுபிடித்த பெருமை முகத்தில் பொங்கியது.

மறுநாள் முதல் முகத்தம் மாவு பிசைந்தார். கிணற்றில் தண்ணீர் இறைத்தார், அதுவும் சீட்டில் இருந்ததாம். நாலாம் நாள் முற்றத்தில் முட்டி போட்டுக் கம்பளம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வரிசையில் அவருக்கு அடுத்தபடி ஓடுகிற புஷ்தா வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்ன முகத்தம், வீட்டுல அக்கா இல்லையா?"

சுருண்டு விழுந்திருக்க வேண்டும். ஆனால் முகத்தம் ஆயிற்றே. நுரைக் கையோடு எழுந்து நின்றார்.

"டாக்டர் உத்தரவுடா. குதிரை முதுகு நல்லா இருக்கணும்னா சவாரிக்காரன் இடுப்பு நேரா இருக்கணும். பதினஞ்சு துப்பாக்கி ஒண்ணா வெடிக்கணும்னா பதினஞ்சு இடுப்பும் ஒண்ணா இருக்கணும். நாளைக்குக் காலையிலேர்ந்து எல்லாரும் மாவு பிசையணும். இது என் உத்தரவு."

முகத்தம் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஊரில் பதினைந்து ஆண்கள் மாவு பிசைந்தார்கள். பதினைந்து பெண்கள் சாவகாசமாகப் புதினா டீ குடித்தார்கள். யார் வீட்டு ரொட்டி உப்பியது, யார் வீட்டு ரொட்டி கல்லானது என்பதுதான் சந்தையில் பேச்சு. புஷ்தாவின் ரொட்டியை அவன் வீட்டு நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டதாம்.

திருவிழாவும் வந்தது. மர்ஜான் பறந்தது, முதுகில் ஒரு நெளிவு இல்லை. அல்லால் குரல் கொடுத்தார். டமார், ஒரே வெடி. பக்கத்து ஊர்க்காரர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள். அல்லாலுக்கு அழுகையே வந்துவிட்டது.

சொன்னபடி மூன்றாம் மாதம் டாக்டர் மறுபடி வந்தார். வேலிக்கு வெளியே பதினான்கு பேரும் காத்திருந்தார்கள். இனியாவது மாவை விடலாமா என்று கேட்டுச் சொல்வதாக முகத்தம் வாக்குக் கொடுத்திருந்தார்.

டாக்டர் அழுத்தினார். மர்ஜான் பாட்டுக்கு வைக்கோல் மென்றது.

"பிரமாதமா இருக்கு. சீட்டுல எழுதினத உடனே செஞ்சிட்டீங்க போல."

"ஒரு நாள் விடல டாக்டர். மாவு, தண்ணி, கம்பளம், எல்லாம்."

"எந்த மாவு?" என்றார் டாக்டர். "மூணாவது கம்பளித் துணி இடது பக்கம் கட்டி தட்டியிருக்கு, அதை மாத்துங்க, ஒரு வாரம் சேணம் வைக்காதீங்கன்னுதானே எழுதினேன்?"

அல்லால் திரும்பிப் பார்த்தார். யாம்னா தலை நிமிராமல் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். "துணியை அன்னிக்கே மாத்திட்டேன் டாக்டர். சேணத்தையும் தைக்கணும்னு ஒரு வாரம் சந்தையில கொடுத்து வச்சிட்டேன்."

"நீங்க அன்னைக்கு இடுப்பைப் பிடிச்சுட்டே நடந்தீங்களே. இப்ப எப்படி இருக்கு?"

"மூணு மாசமா வலியே இல்லைங்க டாக்டர்."

அல்லால் விறுவிறுவென்று வெளியே வந்தார். உண்மையைச் சொல்லத்தான் வந்தார். வேலியோரம் பதினான்கு முகங்கள், இருபத்தெட்டுக் கைகள், நகத்தில் இன்னும் மாவு. நடுவில் புஷ்தா.

"டாக்டர் என்ன சொன்னாங்க முகத்தம்?"

அல்லால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னும் மூணு மாசம் பிசையச் சொல்றாங்க."