பங்காளி வரிசையில் ஒரு தலை

பேசி முட்டாளாகிறவர்கள் உண்டு. பேசாமல் இருந்து முட்டாளாகிறவர்களும் உண்டு. நான் உட்கார்ந்து முட்டாளானவன். ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் நான் உயிராக வளர்த்த கிராப்புப் போயிற்று, பெற்ற அப்பா என்னை அடிக்க வந்தார், கட்டிக்கொள்ள இருந்த பெண் எனக்குத் தங்கையாகிவிட்டாள். இத்தனையும் என் சொந்தத் தாத்தாவின் சிதைக்குப் பத்தடி தள்ளி!

யுத்த காலம். மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. (மூளைக்கு அதைவிடப் பத்துப் பன்னிரண்டு குறைவு.) ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டினார் சுப்பையா. எழுமலைக்கு மேற்கே என் அம்மா பிறந்த ஊர்க்காரர். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்ல வந்த ஆள் வீட்டுக்குள் வரமாட்டார், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர் நின்ற நிற்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தாத்தா தவறிட்டாக தம்பி. ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாக. வெயில் தாழ எடுக்குறாக."

"அம்மா?"

"அம்மா, அப்பா எல்லாம் அங்கதான் இருக்காக. உங்க மாமாதான் வெரசாக் கூட்டியாரச் சொன்னாக. நெய்ப்பந்தம் பிடிக்க மூத்த பேரன் நீங்கதானாம்ல?"

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இறந்தால் பேரப் பிள்ளைகள் தீப்பந்தம் பிடித்து உடலைச் சுற்றி வருவார்கள். அதுதான் நெய்ப்பந்தம். முதல் பந்தம் மூத்த பேரன் கையில். ஊரே அவனைத்தான் பார்க்கும். அதில் எனக்கு ஒரு சொந்தக் கவலையும் இருந்தது. அம்மா கூடப் பிறந்த பெருமாள் மாமாவின் மகள் ராக்கம்மாவை எனக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்று ஒரு வருஷமாக மாமா யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய யோசனைக்கெல்லாம் காரணம் என் கிராப்பு. "குடுமி வைக்காட்டிப் போகுது. சட்டைப் பையில சீப்பு வச்சிருக்கிற பய எப்படிக் குடும்பம் நடத்துவான்?" என்று என் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். இன்னொரு பக்கம் என் சின்னம்மா மகன் கருத்தப்பாண்டி. அவனும் ராக்கம்மாவுக்கு முறை மாப்பிள்ளைதான். உழவு தெரிந்தவன். சீப்பு இல்லாதவன்.

ஆக, முதல் பந்தம் என் கையில் இருக்க வேண்டும், அதை மாமா பார்க்க வேண்டும். தாத்தா போன துக்கம் உண்மையானதுதான். ஆனால் அந்தத் துக்கத்தைத் தாண்டியும் இந்தக் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. மனிதப் பிறவி அப்படி. (எல்லாரும் அப்படியா என்று கேட்காதீர்கள். நான் அப்படி.)

அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் இட்லிக் கொப்பரை மாதிரி ஒரு பெரிய அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, கிளீனர் ஒரு சக்கரத்தைக் கைவலிக்கச் சுற்றி ஊத வேண்டும். அடுப்புக்கு மனது வந்தால் பஸ் நகரும். திருமங்கலம் வருவதற்குள் மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் நான் இறங்கினேன். அடுப்பைப் பார்த்தேன், கிளீனரைப் பார்த்தேன், வானத்தில் சூரியனைப் பார்த்தேன்.

"உக்காருங்க தம்பி. நீங்க பாத்தா அது வேகமாவா எரியப் போகுது?" என்றார் சுப்பையா.

திருமங்கலத்தில் எழுமலை பஸ் பிடித்தோம். பாதி வழியில், ஒரு மரம்கூட இல்லாத கரிசல் காட்டு நடுவில், அது பெருமூச்சு விட்டு நின்றது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கண்டக்டர் வெற்றிலை போட ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, எப்பக் கிளம்பும்?"

"கிளம்புறப்பக் கிளம்பும்."

"நான் நடக்கிறேன். நடந்தாலே இதுக்கு முந்திப் போயிரலாம்."

"ஏழெட்டு மைலு தம்பி!" என்றார் சுப்பையா. "சொன்னாக் கேளுங்க. உக்காந்திருக்கிறவன்தான் ஊரு போய்ச் சேருவான்."

நான் கேட்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் இருந்த சோம்பேறிகள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தேன். அரை மைல்கூடப் போயிருக்கமாட்டேன். பின்னால் கடகடவென்று சத்தம். பஸ்! கையை நீட்டினேன். துண்டை அவிழ்த்து ஆட்டினேன். நடுரோட்டில் நின்று குதித்தேன். ஹாரனை அலறவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனது. போகிற போக்கில் கண்டக்டர் தலையை நீட்டி, "நிப்பாட்டுனா மறுபடி கிளம்பாது மாப்ள!" என்று கத்தினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சுப்பையா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தப் பஸ்ஸின் கரிப்புகை முழுவதையும் ஒருவனாக நின்று நான்தான் சுவாசித்தேன்.

பிறகு நடந்தேன், ஓடினேன், ஒரு பருத்தி வண்டியின் பின்னால் தொற்றினேன். அந்த மாடுகள் பஸ்ஸைவிட மோசம். மறுபடி இறங்கி ஓடினேன். ஊர் எல்லைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது. வீட்டுப் பக்கம் கொட்டுச் சத்தம் இல்லை. நேரே சுடுகாட்டுக்கு ஓடினேன்.

சிதை அடுக்கி, தாத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். இன்னும் கொள்ளி வைக்கவில்லை. நான் காலில் விழுந்து அழுதேன். அது நிஜ அழுகை. எழுந்தபோது பக்கத்தில் சுப்பையா நின்றார். பளிச்சென்று குளித்திருந்தார்.

"பந்தம்?" என்றேன்.

"கருத்தப்பாண்டி பிடிச்சுட்டாப்ல."

அவன் கொஞ்சம் தள்ளி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, முதல் பந்தம் பிடித்தவனுக்குரிய கம்பீரத்தோடு நின்றான். மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கரிசல் மண், கரிப்புகை, வியர்வை. அதற்கு மேல் கலைந்த கிராப்பு. மறுபடி சிதைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போது மாமாவும் பங்காளிகளும் தலை மழிக்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ கை கால் நிற்கவில்லை. தாத்தாவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும், மாமா பார்க்கும்படியாகச் செய்தாக வேண்டும், இப்போதே செய்தாக வேண்டும். வரிசையில் ஒருவர் வேலை முடிந்து எழுந்தார். இடம் காலியாயிற்று. எந்தக் கிராப்பைப் பார்த்து மாமா முகம் சுளித்தாரோ, அதையே தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டால்? ஆகா, என்ன தியாகம்! போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன்.

நாவிதர் காசி தயங்கினார். "தம்பி, நீங்க..."

"நான் பேரன்தான். சீக்கிரம்."

"அதுக்கில்ல தம்பி, ஒரு வார்த்தை பெரியவக கிட்ட..."

"தாத்தாவே போயிட்டாரு. தலை எதுக்குண்ணே? அடிங்க!"

அடித்தார். தண்ணீர் முகத்தில் வழிந்தது. அதோடு சேர்த்து நானும் அழுதுகொண்டேன். என் தியாகத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது. பாதித் தலை முடிந்திருக்கும். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெரியவரின் குரல்:

"யாருடா அது? மக வயித்துப் பேரன் மாதிரி இருக்கே?"

கத்தி நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. அப்புறம் என் அப்பாவின் குரல்:

"அடப்பாவி! நான் உயிரோட இருக்கேன்டா!"

மேல்துண்டை முறுக்கிக்கொண்டு அவர் பாய்ந்து வர, நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தவருக்காகத் தலை மழிப்பது பிள்ளையும் பங்காளிகளும். ஒரே கொடி வழி, அண்ணன் தம்பி முறைக்காரர்கள். மகள் பிள்ளை வேறு வீட்டுக்காரன், மாமன் மச்சான் முறை, பெண் எடுக்கிற ஆள். அவன் பந்தம் பிடிக்கலாம். பங்காளி வரிசையில் உட்கார்ந்து தலையைக் கொடுக்கக் கூடாது. (இதெல்லாம் சிறு வயதிலிருந்தே தெரிந்த விஷயம்தான். தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வந்தால் நான் வக்கீலாகவே ஆகியிருப்பேனே!)

அந்தப் பெரியவர் விடவில்லை. "இப்ப இவன் பெருமாளுக்கு என்ன முறை?"

"பங்காளி வரிசையில உக்காந்துட்டான். பங்காளிதான்" என்றார் ஒருவர்.

"அப்பப் பெருமாள் மகளுக்கு?"

கருத்தப்பாண்டிதான், ரொம்ப வருத்தமான குரலில், "அண்ணன்" என்றான்.

"இன்னும் பாதித் தலைதான அடிச்சிருக்கு? இத்தோட நிப்பாட்டிட்டா?" என்று யாரோ இரக்கப்பட்டார்.

"நிப்பாட்டுனா? பாதி பங்காளி, பாதி மச்சானா?"

வாதம் வளர்ந்தது. அடுக்கிய விறகின் மேல் தாத்தா காத்திருந்தார். வாழ்நாளில் யாருக்காகவும் காத்திருக்காத மனிதர். காசி மட்டும் மெதுவாக, "அண்ணே, மீதியச் செரைக்கவா வேணாமா? தலை காயுது" என்றார்.

மாமா எழுந்தார். "செரைச்சு விடு. வந்தவரைக்கும் அசிங்கம் போதும்" என்று சொல்லிவிட்டுக் கொள்ளி வைக்கப் போனார்.

வீட்டுக்குத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. (அதுவும் பஸ்ஸில் போயிருக்கும்.) குளித்துவிட்டு ஈரத்தோடு கொல்லைப் பக்கம் நின்றேன். பத்துப் பெண்களுக்கு நடுவிலிருந்து ராக்கம்மா எழுந்து வந்தாள். அழுது சிவந்த கண். என் தலையை ஒரு தடவை பார்த்தாள்.

"மோர் குடிக்கிறீகளாண்ணே?"

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று அத்தனை பெண்களும் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

கருமாதிக்குப் பதினாறு நாள். வேலைக்குப் போக முடியவில்லை, போகவும் துணிவில்லை. அந்தப் பதினாறு நாளில் அந்த ஊரில் நான் நடக்காத வரப்பு இல்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் யாராவது வந்து, "என்ன பங்காளி, சௌக்கியமா?" என்பார்கள். எழுந்து போனால் அங்கே கருத்தப்பாண்டி நிற்பான். எங்கிருந்தோ ஒரு சீப்பு வாங்கியிருந்தான். மாமா முன்பெல்லாம் வாய்க்கு வாய் "மாப்ள" என்பார். இப்போது எந்த முறையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்குச் சோறு வேண்டுமா என்று என் அம்மாவிடம் கேட்பார். அம்மா என்னிடம் கேட்பாள். நானோ இரண்டு பேருக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

கருமாதியன்று உருமா கட்டு. மொட்டை போட்டவர்கள் வரிசையாக உட்கார, அவரவர் மாமன், மச்சான் வீட்டார் புதுத் துணி கொண்டுவந்து தலைப்பாகை கட்டிவிடுவார்கள். பங்காளிக்குப் பங்காளி கட்டக் கூடாது. மொட்டை போட்ட குற்றத்துக்காக என்னையும் கடைசியில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்குக் கட்ட வேண்டியவர் என் தாய்மாமன். அவரோ அதே வரிசையின் தலைமாட்டில் மொட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் என்னைப் பங்காளி என்று வைத்துவிட்டால் எனக்குத் துணியும் இல்லை, பெண்ணும் இல்லை.

ஒவ்வொரு தலையாகக் கட்டி முடிந்தது. வெள்ளை வெளேரென்று பத்துப் பன்னிரண்டு உருமா. கடைசியில் என் தலை மட்டும் வெயிலில் பளபளத்தது. ஊர் மாமாவைப் பார்த்தது. என் அப்பா தரையைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ராக்கம்மா நின்றாள். முகம் தெரியவில்லை. கதவைப் பிடித்திருந்த விரல் மட்டும் தெரிந்தது. அது கதவை இறுகப் பிடித்திருந்தது.

மாமா எழுந்தார். உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு புதுத் துண்டு.

"எந்திரி மாப்ள" என்றார்.

எழுந்தேன். கட்டினார். பதினாறு நாள் கோபத்தையும் அந்தக் கட்டில் காட்டினார். என் புருவம் இரண்டும் மேலே போய்விட்டன. பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னார்: "நான் இவனுக்குத் தாய்மாமன். எங்கப்பாவுக்காக அவசரப்பட்டு உக்காந்துட்டான். பேசுறவக இப்பவே பேசிருங்க."

யாரும் பேசவில்லை. அதோடு நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"அப்ப மாமா, நம்ம ராக்கம்மா விசயம்..."

"மொதல்ல முடி மொளைக்கட்டும்" என்றார்.

முளைத்தது. நாலு மாதத்தில் கல்யாணம். பந்தலில் மொய்யெழுதும் வேலையைக் கருத்தப்பாண்டி கேட்டு வாங்கிச் செய்தான். நல்ல பையன்தான்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது அழைக்காத இடத்தில் முந்திக்கொண்டு போனால், "எந்திரிப்பா, அது பங்காளி வரிசை" என்பார்கள். நேற்று வந்த மருமகள்கள்கூடச் சொல்கிறார்கள். அதை நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறொன்று. கோபம் வந்தால் ராக்கம்மா என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளைகள் முன்னால், விருந்தாளிகள் முன்னால், ஒரு தடவை ரயில் டிக்கெட் பரிசோதகர் முன்னால்! போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: "அஞ்சு பிள்ளை பெத்தாச்சு. ஊரே பாக்க உங்கப்பா உருமாக் கட்டி என்னைய மாப்பிள்ளையாக்கிட்டாரு. இன்னும் என்ன அண்ணே நொண்ணேன்னு?"

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"கட்டுனது எங்கப்பாதான, நான் இல்லையே."