மரம் விழும் திசை குறித்த தீர்மானம்

புயல் அடித்தால் ஒரு மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்த முதல் குடியிருப்பு எங்களுடையது. மனிதகுலம் இதுவரை இயற்கையிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறது, அழுது பார்த்திருக்கிறது. தீர்மானம் நிறைவேற்றிப் பார்த்ததில்லை. சங்கச் செயலாளர் என்ற முறையில் இந்தச் சாதனையை உலகுக்குத் தெரிவிப்பது என் கடமை.

அது ஒரு தூங்குமூஞ்சி மரம். சங்கத்துக்குச் சொந்தமான திடலின் ஓரத்தில் நின்றது. நான்கு தெருக்காரர்களுக்கும் அதன் நிழல் கிடைத்தது. விழுந்தால் எட்டும் தூரத்தில் இருந்ததோ ஒரே ஒரு வீடு, தையல்காரம்மாவின் வீடு. ஆகவே அந்த மரத்தைப் பற்றி நாங்கள் எல்லோரும் உயர்ந்த கருத்து வைத்திருந்தோம். அவர் மட்டும் குறுகிய மனப்பான்மையோடு இருந்தார்.

அவர் கூட்டத்துக்கு நேராகத் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"மரம் எங்க வீட்டுப் பக்கமா சாயுதுங்க. போன காத்துக்கு அப்புறம் வேர்கிட்ட மண்ணு பாளம் பாளமா வெடிச்சு நிக்குது. என் வீட்டுக்காரரு சாரத்துல இருந்து விழுந்து கால் உடைஞ்சு பின்னறையில படுத்திருக்காரு. அசையக்கூட முடியாது. மரத்த வெட்ட வேணாம். எங்க பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற கிளையையாவது கழிச்சு விடுங்க."

தலைவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமை அவருக்குப் பதவியோடு வந்தது.

"சாயுறது வேற, விழுறது வேறம்மா. நானுந்தான் நாற்காலியில சாஞ்சிருக்கேன். விழுந்துட்டேனா?"

கைதட்டல்.

அடுத்து மூச்சு மாஸ்டர் எழுந்தார். தினமும் காலையில் எங்களை அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்க வைத்து 'ஆழ்மூச்சு' கற்றுக்கொடுப்பவர்.

"மரம் உங்களை நோக்கி வருதுன்னா, உங்க மேல அதுக்குப் பிரியம்னு அர்த்தம்."

"பிரியம் இருந்தா எட்ட நின்னு காட்டட்டும் சார்."

இந்த மாதிரிப் பேச்சு கூட்டத்தின் கண்ணியத்துக்கு உகந்ததல்ல என்று நான் சுட்டிக்காட்டினேன்.

பிறகு எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற பொறியாளரிடம் 'நிபுணர் கருத்து' கேட்கப்பட்டது. அவர் மரத்தைப் படத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"புயல்ல மரம் எந்தப் பக்கம் விழும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய சிந்தனைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

"இன்னும் முடிவாகலைன்னா, நாமளே முடிவு பண்ணிடலாமே!"

கிழக்கே காலி மனை. மேற்கே தையல்காரம்மாவின் பின்னறை. கிழக்குக்கு ஆதரவாக அத்தனை கைகளும் உயர்ந்தன. மூச்சு மாஸ்டர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டோம். நேர்மை முக்கியம்.

"மேற்குக்கு?"

"அய்யா, மேற்கால விழணும்னு நான் கேக்கலீங்க. விழும்னு சொல்றேன்."

"மேற்குக்கு ஒரு ஓட்டு. செயலாளர், குறிச்சுக்குங்க."

குறித்துக்கொண்டேன். தன் வீட்டின் மேல் மரம் விழ வேண்டும் என்று ஓட்டுப் போட்ட ஒரே ஆள் அவர்தான். அந்த உரிமையையும் நாங்கள் மறுக்கவில்லை.

மறுவாரம் வானொலியில் புயல் எச்சரிக்கை வந்தது. மதியத்துக்கே வானம் கறுத்துவிட்டது. தையல்காரம்மா எனக்குப் போன் செய்தார்.

"சார், இவர முன்னறைக்கு மாத்தணும். ஒருத்தியா தூக்க முடியல. ரெண்டு பேரு வந்தா போதும், கட்டிலோட நகத்திடலாம்."

"எதுக்கும்மா நகத்தணும்? அதான் கிழக்குன்னு முடிவாயிடுச்சே."

"அது நமக்குத் தெரியும் சார். மரத்துக்குத் தெரியுமா?"

சங்கத்தின் முடிவில் உறுப்பினர்களே நம்பிக்கை இழந்தால் மரம் எப்படி மதிக்கும் என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மாலையில் மரம் மேற்கே விழுந்தது.

பின்னறை இருந்த இடத்தில் கிளைகள் இருந்தன. கணவரை இழுத்து வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. முன்பு அவருக்கு ஒரு கால்தான் உடைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே இப்போது பாகுபாடு இல்லை.

உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம். தீர்மானத்தை மீறிய மரத்துக்குக் கண்டனம் தெரிவித்தோம். மூச்சு மாஸ்டர் கண் கலங்கினார். இனிமேல் எதைக் கட்டிப்பிடிப்பது என்பது அவர் கவலை.

தையல்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். கிழக்காலதான் விழும்னு எல்லாரும் கை தூக்கினீங்க. சரி. அப்புறம் மேற்கால, என் சுவத்தோரமா நிறுத்தியிருந்த உங்க காரையெல்லாம் எதுக்கு எடுத்தீங்க?"

தலைவர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

எங்கள் சங்கத்தின் உண்மையான பெருமையை இங்கேதான் சொல்லியாக வேண்டும். கூட்டம் இல்லை, விவாதம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் முதல் காற்று வீசுவதற்குள் மரத்துக்கு மேற்கே ஒரு கார்கூட நிற்கவில்லை. அப்படி ஒரு ஒற்றுமை.

கடைசியாக எடுத்தது என்னுடைய கார். நடுவில் ஒரு போன் வந்ததால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.